சிவப்பு வலப்பக்கம்

கல்லின் உள்ளே கோடு இருந்தது.

முதலில் பார்த்தது ரம்பக்காரர். ரம்பம் நின்று, அதன் பல்லில் வழிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக அடங்கி, தகரக் கூரை மட்டும் வெயிலுக்கு டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்த அந்த மத்தியான வேளையில், நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த உருளைக் கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று சிரித்தார்.

"அக்கா, இங்க வாங்களேன். கீழ யாரோ நமக்கு வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்காங்க. உள்ளயே கோடு போட்டு அனுப்பியிருக்காங்க."

அவள் கழுத்துக் கயிற்றில் லென்ஸ் ஆட, போய்க் குனிந்தாள். அறுத்த முகம் ஈரத்தில் பளபளத்தது. சேறாக இருந்தது கல்லாகிப்போன நாளிலிருந்து வெளிச்சமோ காற்றோ படாத முகம். அதில் முனையிலிருந்து முனைவரை, ஒரு விரல் இடைவெளியில், இரண்டு கோடுகள். ஒன்று சிவப்பு. ஒன்று கறுப்பு.

"இரும்புக் கறை," என்றார் ரம்பக்காரர். "கறுப்பு வந்து தாரு. வேற என்ன? முன்னூத்து நாப்பது மீட்டர் ஆழத்துக்கு யாரு பென்சில எடுத்துட்டுப் போறது?"

"ஆமா. கறைதான்."

வாய்தான் சொன்னது. கண் கோடுகளின் நுனியில் நின்றுவிட்டது. இரண்டும் முடிகிற இடத்தில், பென்சிலைத் தூக்கும்போது மணிக்கட்டைத் திருப்புகிறவர்களுக்கு வருமே, அப்படி ஒரு சின்னக் கொக்கி. தூண்டில் முள் மாதிரி. அந்தக் கொக்கியை அவளுக்குத் தெரியும். முதன்முதலாக அது ஒரு சிலேட்டில் விழுந்தபோது அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தவளே அவள்தான்.

சிவப்பு இடப்பக்கம் இருந்தது. கொக்கி கீழ்நோக்கி இருந்தது.

ஊரைவிட்டு எட்டி, வேலி போட்ட நிலத்தின் நடுவில் இருந்தது அந்த ஷெட். ஜன்னல் கிடையாது, முன்னால் ஒரு ஷட்டர், உள்ளே எந்நேரமும் குழல்விளக்கு. துளைபோடும் எந்திரம் பூமிக்குள்ளிருந்து உருவித் தரும் உருளைக் கல்லை அங்கே எல்லோரும் கோர் என்பார்கள். முன்கை கனம் இருக்கும், ஒரு தடவை உருவினால் மூன்று மீட்டர் வரும். அதை மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டியில் அடைத்து, ஆழமானது கீழ்த்தட்டில், ஆழம் குறைந்தது மேல்தட்டில் என்று கூரைவரை அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் ஒரு பழைய ஏரியின் அடிச்சேறு. எண்ணெய் ஊறிக் கல்லான சேறு. கோடையில் படிந்தது ஒரு வெளுத்த ஏடு, குளிரில் படிந்தது ஒரு கறுத்த ஏடு, இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம். தலைமுடி கனத்தில் அப்படி வருஷங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். லென்ஸை வைத்து அவற்றை எண்ணி எழுதுவதுதான் அவள் வேலை. பதினெட்டு வருஷமாக எண்ணுகிறாள். கண்ணை மூடினாலும் இமைக்குள் வெளுப்பும் கறுப்புமாக ஓடும்.

அந்த ஏரியின் அடித்தண்ணீரில் காற்றே இருக்கவில்லை. அதனால் அங்கே போய்ச் சேர்ந்தது எதுவும் அழுகவில்லை. ஏடுகளுக்கு நடுவே உளியை வைத்து மெல்லத் தட்டினால் சில சமயம் ஒரு மீன் கிடைக்கும். இலைபோல நசுங்கி, ஆனால் ஒரு செதில் குறையாமல். ஒரே மீன் இரண்டு முகத்திலும் இருக்கும். மேல் ஏட்டில் ஒன்று, கீழ் ஏட்டில் ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி. தம்பி துளைக்காரனாக வேலைக்குச் சேர்ந்த அன்று அப்படி ஒரு மீனை அவள் பிளந்து காட்டினாள்.

"அக்கா, இதுல எது நெசம், எது அச்சு?"

"ரெண்டும் அதேதான்டா."

"அப்ப இதுக்கு வலது பக்கம் எது?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருபத்தாறு வயது ஆளுக்கு அப்போதும் இடம் வலம் தகராறுதான்.

அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினாறு. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு, ஸ்கூல் வாசலிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்று அழுகிற பிள்ளை. தன் பழைய ஸ்வெட்டரிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை உருவி அவன் வலது மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நூல் இருக்கிற கைப் பக்கம் திரும்பினால் வீடு. அதற்குப் பிறகு அவன் தொலையவே இல்லை. அந்த நூல் நைந்து அறும்போதெல்லாம் அக்காவிடம் கையை நீட்டுவான். மீசை வந்த பிறகும் நீட்டினான். கல்யாணத்தன்றைக்குக்கூட நீட்டினான்.

வேலையிலும் அதேதான். பூமியிலிருந்து வந்த கல் பெட்டிக்குள் தலைகீழாகப் போய்விடக் கூடாது. அதற்காகத் துளைக்காரர் உருவிய கையோடு அதன்மேல் மெழுகுப் பென்சிலால் இரண்டு கோடு போடுவார். கல்லின் மேல்முனை தனக்கு எதிரே தள்ளி இருக்கும்படி வைத்துக்கொண்டு பார்த்தால், வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் கறுப்பு. விதி அவ்வளவுதான். அப்புறம் கல் எத்தனை துண்டாக உடைந்தாலும் மேல் எது கீழ் எது என்று கோடு சொல்லிவிடும். நுனியில் கொக்கியோடு தம்பி போட்ட கோடுகள் முதல் வருஷம் பாதிக்குப் பாதி மாறியே வந்தன. ஷெட்டுக்கு வந்ததும் அவள் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, கல்லைத் திருப்பி வைத்து, தன் கையால் புதிதாகப் போட்டுவிடுவாள். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தானே அக்கா இருக்கிறாள்?

ஒன்பதாம் துளை, எழுபத்தோராம் பெட்டி. இருநூற்றுப் பத்து மீட்டர்.

அன்று அவனே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மேஜையில் இறக்கிவிட்டு, "இந்தத் தடவ சரியாப் போட்டிருக்கேன். பந்தயம்," என்றான்.

"நீ சரியாப் போட்டுட்டா நான் இந்த லென்ஸ முழுங்கிடறேன்."

"முழுங்கு, முழுங்கு. தண்ணி வேணுமா?"

சிரித்துக்கொண்டே அவன் கை வீசிப் போனபோது அவள் பார்த்தாள். சிவப்பு நூல் இடது மணிக்கட்டில் இருந்தது. அட பைத்தியமே, நூலையே மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறதே இது. அவ்வளவுதான் நினைத்தாள். முந்தைய பெட்டியின் கடைசித் துண்டோடு இந்தக் கல்லின் உடைந்த முனை பொருந்துகிறதா என்று வைத்துப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. பார்க்கவில்லை. துடைத்தாள், திருப்பினாள், கோடு போட்டாள்.

அந்தக் கல்லில் மேலிருந்து அரை மீட்டரில் விரல் கனத்துக்கு ஒரு களிமண் பட்டை இருந்தது. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். அவள் திருப்பி வைத்ததால் அது அடியில் இருப்பதாகப் பதிவாயிற்று. அந்தப் பதிவை நம்பித்தான் அந்த ஆழத்தில் ஓர் அறை குடைந்தார்கள். கம்பிகளை இறக்கி, கல்லை அது கிடக்கிற இடத்திலேயே சூடாக்கி எண்ணெயை வியர்க்கவைத்துப் பார்ப்பதற்காக. கூரை கெட்டி என்று எழுதியிருந்தது. கம்பிக்குத் துளைபோட உள்ளே போனது தம்பி. பட்டைக்குக் கீழே இருந்த கூரை பலகைபோல அப்படியே இறங்கியது.

அவனை வெளியே எடுக்க முடியவில்லை. தோண்டத் தோண்டக் கூரை வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் அறையின் வாயைச் சிமெண்ட் ஊற்றி மூடினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, குறி மாறியிருக்கிறது என்றார்கள். குறி போடுவது யார்? துளைக்காரர். எழுதிக்கொண்டார்கள். "உங்க தம்பிக்கு இந்தக் குழப்பம் உண்டாம்மா?" என்று அவளிடமும் கேட்டார்கள். அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். பொய் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது.

இப்போது வந்துகொண்டிருப்பது பதினாலாம் துளையின் கல். பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் போட்ட துளை. முதல் நாள் முன்னூற்று நாற்பது மீட்டரில் இருந்த கோடுகள், மறுநாள் முன்னூற்று ஐம்பத்திரண்டில் இருந்தன. அதற்கடுத்த நாள் முன்னூற்று அறுபத்தொன்றில். ஒவ்வொன்றிலும் சிவப்பு இடப்பக்கம். ஒவ்வொன்றிலும் கொக்கி கீழ்நோக்கி. ரம்பக்காரர் ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டார். துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். துணியில் மெழுகு ஒட்டியது.

"கறையா இது?" என்றார் மெதுவாக.

அவள் எழுபத்தோராம் பெட்டி இருந்த தட்டைப் பார்த்தாள். மேல்முனை என்று தான் போட்ட கோடுகள் எங்கே காட்டின என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அக்கா போட்ட கோடு. அவன் அதைச் சந்தேகப்படமாட்டான். இருட்டில், அத்தனை கல்லுக்கு நடுவில், நெஞ்சுக்கும் முதுகுக்கும் இடம் இல்லாமல், அக்கா காட்டின பக்கம்தான் வீடு என்று நம்பி, ஒவ்வொரு மீட்டராக, ஒவ்வொரு ஏடாக, கீழே போய்க்கொண்டிருக்கிறான்.

அன்று சாயங்காலம் போன் அடித்தது. "தம்பி வீடு" என்று காட்டியது. அவன் இருந்தபோது பதிந்த பேர். மாற்ற மனம் வரவில்லை. பேசுவது அவன் மனைவி.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"ஆச்சும்மா. பாப்பா என்ன பண்றா?"

"ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கறா. கூடப் படிக்கிற எவளோ சொன்னாளாம், உங்கப்பா கோட்டத் தப்பாப் போட்டு, கூரையத் தன் தலையில தானே போட்டுக்கிட்டாருன்னு. வந்து என்கிட்ட கேக்கறா, அப்பாக்கு ரைட்டு லெஃப்டே தெரியாதாம்மான்னு." ஒரு மூச்சு. "அண்ணி, நீங்க பக்கத்துலயே இருந்தவங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெசமாவே அவரு மாத்திப் போட்டாரா?"

ஷெட்டின் குழல்விளக்கு ஒன்று ஈ மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

"ஏன்மா இப்பக் கேக்கற?"

"இல்ல, அந்தப் பெட்டி வந்த அன்னைக்குக் காலையில நூலு அறுந்துபோச்சு. அவரே புதுசு கட்டப் பாத்தாரு. ஒத்தக் கையால வலது கையில கட்ட வரல. நான் கட்டிவிடறேன்னேன். வேணாம், அக்கா கட்டினாத்தான் அது நிக்கும், சாயந்திரம் அவகிட்ட போய் நீட்டறேன்னு சொல்லிட்டு, அதுவரைக்கும்னு இடது கையில சுத்திக்கிட்டாரு. 'இன்னைக்கு மட்டும் நூலு இல்லாத கைதான் சிவப்பு, நூலு இல்லாத கைதான் சிவப்பு'ன்னு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே ஷூ மாட்டினாரு. மறந்திருப்பாருன்னு எனக்குத் தோணல அண்ணி."

அவள் கழுத்திலிருந்த லென்ஸைக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"அப்புறம் பேசறேன்மா," என்றாள்.

பக்கத்து அறையில் கல்லைச் சோதிக்கும் சின்ன உலை இருந்தது. நூறு கிராம் கல்லைப் பொடித்து, மூடி போட்ட பாத்திரத்தில் சூடேற்றினால், ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். கல் எவ்வளவு எண்ணெய் தரும் என்று பார்க்கிற சோதனை. கோடு ஓடிய கல்லில் ஒரு துண்டை உடைத்து அவள் அதில் போட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அரை மணி நேரத்தில் முதல் சொட்டு விழுந்தது. வழக்கமாக அது மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்து நாறும். அன்று வந்தது வேறு வாசனை. மழையில் நனைந்த கம்பளி. காய்ச்சல் விட்டு வியர்த்த குழந்தையின் உச்சந்தலை. அவள் உலையை அணைத்துவிட்டுக் குழாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். சொட்டு நிற்கவில்லை. விரலிடுக்கில் வழிந்தது, வெதுவெதுப்பாக.

பதினைந்தாம் தேதி பதினாலாம் துளையில் சூடாக்கும் கம்பிகளை இறக்குவதாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இன்னும் எட்டு நாள். இந்தப் பாறை முழுவதும் இப்படித்தான் வியர்க்கும். அதற்குள் அவன் மேலே வந்தாக வேண்டும்.

வழி இரண்டுதான். முற்றத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போய், 'அவன் சரியாகத்தான் போட்டான், திருப்பியது நான்' என்று சொல்லலாம். சொன்னால் கம்பி நிற்கும். விசாரணை திரும்பத் திறக்கும். பாப்பா ஸ்கூலுக்குப் போவாள். ஆபீஸ் நூறு அடி. எழுபத்தோராம் பெட்டி இருபது அடி.

பாவம், அவள் பெட்டியிடம் போனாள்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தன் கோடுகளைத் துடைத்தாள். கல்லைத் துண்டு துண்டாகத் திருப்பி வைத்தாள். இந்த முறை முந்தைய பெட்டியின் முனையோடு வைத்துப் பார்த்தாள். பல்லும் பல்லும்போலக் கச்சிதமாகப் பொருந்தியது. அவன் போட்டிருந்தபடியே சிவப்பை வலப்பக்கம், கறுப்பை இடப்பக்கம் போட்டு, முடிவில் அந்தக் கொக்கியையும் போட்டாள். மேல்நோக்கி.

"இப்படி வாடா," என்றாள் கல்லிடம். "இந்தப் பக்கம்."

மறுநாள் காலை ரம்பக்காரர் ஒரு பெட்டியைச் சுட்டிக்காட்டியபடி வாசலிலேயே நின்றார். முன்னூற்றுப் பத்து மீட்டர். போன மாதமே அறுத்து, எண்ணி, மூடிவைத்த கல். அப்போது அதில் ஒன்றும் கிடையாது. இப்போது நடுவில் இரண்டு கோடுகள். சிவப்பு வலப்பக்கம். கொக்கி மேல்நோக்கி.

"அக்கா, இத நானே தொடச்சு வெச்சேன். வெறுங்கல்லு."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் பயந்து அழுகிறாள் என்று நினைத்தார். அது பயமில்லை. பதினான்கு மாதத்தில் முதன்முறையாக அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதன்பின் தினமும் அவன் தட்டுத் தட்டாக ஏறினான். இருநூற்று எழுபது. இருநூற்றுப் பத்து. நூற்று நாற்பது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஈரக் கம்பளி வாசனை முகத்தில் வந்து மோதும். மேல்தட்டுகளில் எங்கோ, மரப்பெட்டிக்குள், நகத்தால் பலகையைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டு, அவள் அண்ணாந்தால் நிற்கும். கோடுகளுக்கு அக்கம்பக்கத்து ஏடுகள் நேராக இல்லை. வளைந்து, நெம்பி, சுருண்டிருந்தன. நூறு மீட்டருக்கு மேலே கோடுகள் நடுங்க ஆரம்பித்தன. அவசரத்தில் போட்டதுபோல. அறுபது மீட்டரில் கோடுகளுக்குக் குறுக்கே ஐந்து கீறல்கள். அவளுக்கு அது அவசரமாகத் தோன்றவில்லை. வீட்டு வாசலைப் பார்த்துவிட்ட பிள்ளை ஓடி வருகிற மாதிரி இருந்தது.

"நான் மூணு நாள் லீவுக்கா," என்றார் ரம்பக்காரர், தொப்பியைக் கையில் சுருட்டியபடி. "நீங்களும் வராதீங்க. உங்க தம்பி நல்ல பையன். ஆனா இது அவன் வேலை மாதிரி இல்ல."

"அவன் வேலைதான்."

"இருந்தாலும் வராதீங்க."

பதினாலாம் தேதி ஷெட்டுக்கு விடுமுறை. மத்தியானம் மூன்று மணி. அவள் தனியாகத்தான் போனாள். ஸ்வெட்டரிலிருந்து புதிதாக உருவிய சிவப்பு நூலைப் பர்சில் வைத்துக்கொண்டு. அன்றைக்குச் சாயந்திரம் வந்து நீட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் வரவே இல்லையே.

ஏணியை வைத்து மேல்தட்டிலிருந்து முதல் பெட்டியை இறக்கினாள். தரையிலிருந்து மூன்று மீட்டர். அந்த நிலத்தில் மண் ஒரு சாண்தான், அப்புறம் உடனே கல். அதில் ஒரு துண்டை மட்டும் அறுக்காமல் முழு உருளையாக விட்டிருந்தார்கள். மேஜையில் நிறுத்தினாள். காதை வைத்தாள்.

உள்ளே யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்கள் இல்லை. எண்ணுகிற தாளம் மட்டும்.

ஷட்டரின் அடியில் வெயில் ஒரு விரல் கனத்துக்கு உள்ளே வந்து தரையில் கிடந்தது. வெளியே ஒரு குருவி. உளியை ஏட்டில் வைத்தாள். தட்டினாள்.

கல் புத்தகம்போலத் திறந்துகொண்டது.

இரண்டு முகம். இரண்டிலும் ஒரு கை. விரல்களை மடக்கிய கை. இலைபோல நசுங்கி, ஒரு ரேகை குறையாமல். அளவு நாலு வயதுக் கையின் அளவு. ஆனால் நகத்தில் எந்திர மசகு. கட்டைவிரல் அடியில் குழாய் பட்ட தழும்பு. உள்ளங்கையில் காய்ப்பு. அத்தனையும் வளர்ந்தவனுடையது. அத்தனை கனமும் மேலே உட்கார்ந்து, அழுத்தி, அழுத்தி.

ஒன்றில் அது வலது கை. மற்றதில் இடது.

இரண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன. நூல் இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும்.

"வந்துட்டியா," என்றாள்.

விரல்கள் விரிந்தன. மெதுவாக. கல்லின் விளிம்பைத் தாண்டி. இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கித் திரும்பி, நின்றன. நூல் கட்டச் சொல்லி நீட்டுவானே. அப்படி.

பர்சிலிருந்து நூலை எடுத்தாள். நுனியைப் பிரித்தாள். எந்தக் கையில் கட்டுவது? இதற்கு வலது எது? மீனுக்கே அவள் சொல்லவில்லையே. சிரித்துத்தானே விட்டாள்.

"நீ சரியாத்தான்டா போட்ட," என்றாள். "நான்தான் திருப்புனேன். நான்தான். ஒனக்குத் தெரியும்னு நான் நம்பல."

முதன்முறையாகச் சொல்கிறாள். சொன்னதும் நெஞ்சில் ஏதோ விட்டுப்போனது. இதையே தம்பி மனைவியிடமும் சொல்லிவிடலாம். பாப்பாவிடமும். எழுந்து, நூறு அடி நடந்து. இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

மேஜையின் மறுகோடியில் போன் அதிர்ந்தது. தம்பி வீடு.

எட்டினாள்.

கைகள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. இரண்டையும். ஏரிச் சேற்றின் குளிர்ச்சி.

"விடுடா. சொல்லிட்டு வரேன். ஒரே நிமிஷம். சொல்லிட்டு வரேன்."

பிடி வலிக்கவில்லை. அதுதான். வலிக்கவே இல்லை. கல்லுக்குள்ளிருந்து கைகள் நீண்டன. நீண்டுகொண்டே வந்தன, ஏடு ஏடாக, தாள் மாதிரி. அவள் முழங்கைவரை வந்தன. நின்றன. அங்கிருந்து ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் நுனி தோலை அழுத்தி, மெல்ல, கவனமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுகிற பிள்ளையைப்போல, கீழே இறங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு. மணிக்கட்டிலிருந்து நடுவிரல். நுனியில் ஒரு கொக்கி.

போன் அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. மேஜை விளிம்புக்கு வந்தது. விழுந்தது. தரையில் கிடந்தும் அதிர்ந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் முன்னால் நீண்டிருந்தன, திறந்த கல்லை நோக்கி. விரல்களைக் காணவில்லை. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே போய்விட்டிருந்தன. வழி தெரிந்த குழந்தை இழுப்பதுபோல, ஆசையாக, பொறுமையாக, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான்.

வலது கையில் சிவப்புக் கோடு. இடது கையில் கறுப்பு. மேல்முனை எதிரே, தள்ளி, கல்லுக்குள்.

இந்தத் தடவையும் அவன் மாற்றிப் போடவில்லை.